கப்படோக்கியாவுக்குப் போய்வந்த கூறை

எங்கள் சனம் உறவுக்காரர் இல்லாத ஊருக்குப் போவதில்லை. மொன்றியலில் இருந்து டொராண்டோ போவோம், அது கலியாணத்துக்கு. லண்டன் போவோம், அது பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு. பாரிஸ் போனால் அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தைக் காரில் இருந்தபடி எட்டிப் பார்த்துவிட்டு, சித்தப்பா வீட்டில் இடியப்பம் தின்றுவிட்டுத் திரும்பி வருவோம். இறங்கிய உடனே ஒரு கோப்பை தேத்தண்ணி தரவும், 'என்ன, மெலிஞ்சு போனாய்' என்று சொல்லவும் ஒரு ஆள் இல்லையென்றால் எங்களுக்கு அது பயணமே இல்லை.

ஆகவே என் அக்கா தாட்சாயினி ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, "தம்பி, நானும் அத்தானும் துருக்கிக்குப் போகப் போறம்" என்று சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"பிறகென்னத்துக்கு?"

"கல்லைக் குடைஞ்சு செய்த வீடுகள் இருக்குதாம். நிலத்துக்குக் கீழை ஊரே இருக்குதாம். பாக்கப் போறம். நீயும் வா, எங்களுக்கு இங்கிலிசு சரிவராது."

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். அது குடும்பம் முழுக்கத் தெரிந்த விஷயம். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். காலையிலும் பின்னேரமும் இரண்டு மொழியில் கத்துகிற பிள்ளைகளை ஏற்றி இறக்கி, கோடையில் கிடைக்கிற லீவில் வீட்டு வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருக்க ஆசைப்படுகிறவன். என்னைக் கல்லுப் பார்க்கக் கூப்பிடுகிறாள். "உனக்கென்ன விசரே?" என்று வாய்வரை வந்தது. ஆனால் 'நிலத்துக்குக் கீழை' என்று அவள் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் அக்கா நிலத்துக்குக் கீழே போகமாட்டாள். மொன்றியலுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் ஒரு நாள்கூட மெட்ரோவில் கால் வைத்தது இல்லை. பியர்பொன்ட்ஸில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறாள். வேலை டவுன்டவுனில், ஒரு துருக்கிச் சாப்பாட்டுக் கடையின் குசினியில், மரக்கறி வெட்டுவது. காலையில் பஸ் எடுத்து கோட்-வெர்த்துவில் இறங்குவாள். பஸ்ஸில் வந்த சனமெல்லாம் படியிறங்கி மெட்ரோவுக்குப் போகும். இவள் மட்டும் வெளியே பனியில் நின்று அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பாள். வந்த புதிதில், மூக்கு உறைகிற ஒரு தை மாதக் காலையில், அவள் அங்கே நிற்பதை நான் கண்டு காரை நிறுத்திப் பேசு பேசென்று பேசினேன். அவள் கையுறையால் மூக்கைத் துடைத்துவிட்டு, "நான் கீழை போகமாட்டன், தம்பி. நீ ஏசாதை" என்றாள். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பேஸ்மெண்டுக்கும் அவள் இறங்கமாட்டாள். இந்த ஊரில் எங்கள் சனத்தின் பாதி வாழ்க்கை பேஸ்மெண்டில்தான் நடக்கிறது. பிறந்தநாளும் அங்கேதான், கரோக்கேயும் அங்கேதான், மச்சான்மாரின் போத்தல் அடுக்கும் அங்கேதான். என் வீட்டில் பிள்ளைகளின் பிறந்தநாளென்றால் கீழே பாட்டும் கூத்துமாக இருக்கும். மேலே குசினியில், வந்தவர்களின் கோட்டுகள் குவிந்திருக்கும் கதிரைகளுக்கு நடுவில், அக்காவும் அத்தானும் இருந்து கேக் தின்பார்கள். என் மனைவி ஜெயனி கடதாசித் தட்டில் வைத்து மேலே அனுப்பிவிடுவாள்.

அத்தானும் இறங்கமாட்டார். அவர் பெயர் தவராசா. ஊரில் மேசன். சும்மா மேசன் இல்லை. கிளிநொச்சிப் பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் அவருக்காக இரண்டு மாதம் பொறுத்திருப்பார்கள். இங்கே அப்படிப்பட்ட கைக்கு நல்ல மதிப்பு. எங்கள் ஆட்களில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர்கள் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. ஒரு குளிர்க் களஞ்சியத்தில் கரட் பெட்டி தூக்குகிறார். ஏனென்று கேட்டால் தன் உள்ளங்கைகளைப் பார்ப்பார்.

"என்ரை கை சரியில்லை, மச்சான்."

கையில் ஒரு குறையும் இல்லை. அவர் சொல்வது மிதுசனை.

மிதுசன் அவர்களின் ஒரே பிள்ளை. 2009ஆம் ஆண்டு, சண்டை கடற்கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போன நாட்களில், மாத்தளன் மணலில் அத்தான் வெட்டிய பங்கருக்குள் மண் சரிந்து இறந்துபோனான். ஏழு வயது. அத்தான் தண்ணீருக்குப் போயிருந்தார். அக்கா கஞ்சி வரிசையில் நின்றாள். போகும்போது, "அம்மா வரும்வரைக்கும் வெளியிலை வரப்படாது" என்று பிள்ளைக்குச் சொல்லிவிட்டுப் போனாள். செல் குண்டு பங்கருக்கு மேலே விழவில்லை, கொஞ்சம் தள்ளித்தான் விழுந்தது. ஆனால் பங்கரின் ஒரு பக்கம் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அத்தான் கையாலேயே கிண்டி எடுத்தார். அடுத்த நாள் அங்கிருந்தும் எழும்பிப் போகச் சொன்னார்கள். வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தக் கிடங்குக்குள்ளேயே பிள்ளையை வைத்து மூடிவிட்டு நடந்தார்கள். இப்போது அந்த இடம் எதுவென்று யாருக்கும் தெரியாது.

இதை எனக்குச் சொன்னது அக்கா. அத்தான் ஒரே ஒருமுறைதான் அதைப்பற்றி வாய் திறந்தார். ஒரு நாள் என் காரில் வந்துகொண்டிருந்தபோது, ரோட்டோரத்தில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, "ஊரெல்லாம் வீடு கட்டினன். என்ரை பிள்ளைக்கு ஒரு கிடங்கு ஒழுங்கா வெட்டத் தெரியேல்லை" என்றார். நான் ரேடியோவைக் கூட்டிவிட்டேன். வேறு என்ன செய்வது?

அந்தக் கல்லு வீடுகள் இருக்கிற கப்படோக்கியாவின் படம் ஒன்று அக்கா வேலைசெய்யும் குசினியில் தொங்குகிறது. கடைக்காரர் ஜெமால் அந்தப் பக்கத்து ஆள். படத்துக்குக் கீழே நின்று வருடக்கணக்காக வெங்காயம் வெட்டியவள் ஒரு நாள் தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், இது என்ன இடம் என்று கேட்டிருக்கிறாள். அவரும் தன் அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் பகைவர் வந்தால் ஊர்ச்சனம் ஆடு மாட்டோடு நிலத்துக்குக் கீழே இறங்கிவிடுமாம். உள்ளேயிருந்து ஒரு பெரிய வட்டக் கல்லை உருட்டி வாசலை அடைத்துவிட்டு, ஆபத்துப் போகும்வரை அங்கேயே இருக்குமாம். "பிள்ளைகளும்?" என்று அக்கா கேட்டாளாம். "பிள்ளைகளும்தான்." "மண் சரியாதா?" "அது கல். சரியாது."

அன்று அவள் வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நின்றாளாம். ஜெமால் பயந்துபோய் ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாராம்.

நான் வரச் சம்மதித்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை, செயின்ட்-ரெஜி முருகன் கோயிலில் பூசை முடிந்து காரில் ஏறியவள், நான் காரை எடுக்கும்முன் என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, அந்தப் பார்சல் இருக்குதோ?"

அந்தப் பார்சல் என்றால் எனக்குத் தெரியும். 2011இல் நான் அவளைப் பார்க்க வவுனியாவுக்குப் போனபோது என்னிடம் தந்தது. அத்தானை அப்போது இன்னும் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். ஒரு தலையணை உறைக்குள் மடித்துத் தைத்த பொதி. 'இதை உன்னோடை கனடாவுக்குக் கொண்டுபோ. அத்தானுக்கு ஒருநாளும் சொல்லிப்போடாதை' என்றாள். விமான நிலையத்தில் பிரிக்கச் சொன்னார்கள், அப்போது பார்த்தேன். சிவப்பில் தங்கக் கரை போட்ட அவளுடைய கூறைச்சேலை. தாலி கட்டினபோது உடுத்தது. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. கொண்டுவந்து என் பேஸ்மெண்டில் கிறிஸ்மஸ் மரத்துச் சாமான்களோடு வைத்தேன். பிறகு அவர்கள் இரண்டு பேரும் அகதிகளாக இங்கே வந்து சேர்ந்த பிறகும் அவள் அதைக் கேட்கவில்லை, நானும் மறந்துபோனேன்.

"இருக்குது. ஏன்?"

"எனக்கு வேணும். அங்கை கொண்டுபோகப் போறன்."

பிறகு சொன்னாள். என்னைப் பார்க்காமல், கோயில் வாசலில் செருப்புத் தேடுகிற சனத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் நிற்காது. சுற்றிவர மண்மூட்டை அடுக்கவேண்டும். உரப்பை கிடைக்காத நேரம். அதனால் பொம்பிளைகள் தங்கள் சேலைகளை வெட்டி, கையால் பைகளாகத் தைத்து மண் நிரப்பினார்கள். பட்டும் போனது, நூல் சேலையும் போனது. அக்காவும் தன்னிடம் இருந்ததெல்லாம் வெட்டினாள். மூன்று பக்கம் நிறைந்தது. நாலாவது பக்கம் இடுப்பளவுக்குத்தான் வந்தது.

"அத்தான் கேட்டவர், 'கூறையையும் வெட்டினியோ?' எண்டு. நான் ஓம் எண்டன்."

"வெட்டேல்லையோ?"

"மனம் வரேல்லை. புருசன் உயிரோடை இருக்கேக்கை கூறையிலை கத்திரிக்கோல் வைக்கிறதோ? செல் அந்தமாதிரி விழுகுது, வெட்டினால் அவருக்கு ஏதும் நடந்திடும் எண்டு பயந்து போனன். அவரைத்தான் நினைச்சன், தம்பி. பிள்ளையை நினைக்கேல்லை." அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "அந்தப் பக்கந்தான் சரிஞ்சது."

ஒரு சேலையில் எத்தனை பைதான் வரும், அந்தச் செல்லுக்கு அது நின்றிருக்குமோ இல்லையோ யாருக்குத் தெரியும் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவே இல்லை.

"இவ்வளவு காலமும் அந்த மனுசன் தன்ரை கை எண்டு திரியுது. சாந்துக் கரண்டி பிடிச்ச கையாலை கரட் பெட்டி தூக்குது. அவருக்குச் சொல்லவேணும். சேலையைக் காட்டிச் சொல்லவேணும். பேந்து என்னை விட்டிட்டுப் போனாலும் போகட்டும்."

"அதுக்கேன் துருக்கிக்குப் போவான்? வீட்டிலை வைச்சுச் சொல்லன்."

"வீட்டிலை எத்தினை தரம் வாயெடுத்தனான். மிதுசன்ரை பேரைச் சொன்ன உடனை சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வெளியிலை போயிடுவார். நிலத்துக்குக் கீழை நிண்டால் எங்கை போறது? எனக்கும் அங்கை நிண்டால்தான் வாய் வரும்."

இப்படித்தான் நானும் கல்லுப் பார்க்கப் போனேன். அத்தான் எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்டால், அக்கா எதையும் கேட்காத மனுசி. கேட்டால் அவர் மறுக்கமாட்டார், அவ்வளவுதான்.

சூட்கேஸ் கட்டும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்று நிறையப் புட்டுமா, மிளகாய்த்தூள், முறுக்கு, ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய். "உது ஆருக்கு?" என்றேன். ஒருவருக்கும் இல்லைத்தான். ஆனால் வெறும் சூட்கேசோடு எப்படி ஒரு வீட்டுக்குப் போவது என்றாள். வீடு இல்லையடி, ஹோட்டல் என்று நான் கத்தினேன். கடைசியில் அந்த மிளகாய்த்தூள் எல்லாம் கப்படோக்கியாவில் எங்களுக்கு அறை ஒழுங்குபண்ணித் தந்த பொம்பிளையிடம் போய்ச் சேர்ந்தது. அவளும் அதை முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டு, அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அந்த இடத்தைப்பற்றி நான் என்ன சொல்ல? பார்க்கப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தவன் நான்தான், வாயைப் பிளந்ததும் நான்தான். பழைய எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லாகி, மழையும் காற்றும் அரித்து அரித்து, பனை உயரத்துக்குக் கூம்பு கூம்பாக நிற்கிறது. சிலவற்றின் தலையில் ஒரு கறுத்தக் கல், தொப்பி வைத்த மாதிரி. கிட்டப் போனால் கூம்புக்குள் ஜன்னல், கதவு, படி, புறாவுக்குப் பொந்து. உள்ளே ஒரு கோயிலே இருக்கிறது, கூரையில் சிவப்பில் சித்திரம் எழுதி, தூணும் வளைவும் வைத்து. யாரும் கல் அடுக்கிக் கட்டவில்லை. வேண்டாத கல்லை எடுத்துவிட்டார்கள், மிஞ்சியது வீடு.

நாங்கள் தங்கிய அறையும் கல்லுக்குள் குடைந்ததுதான். ஆனால் பெரிய ஜன்னல் இருந்தது, அக்கா அதைத் திறந்து வைத்துக்கொண்டு கிட்டவே படுத்தாள். காலையில் நான் எழும்பிப் போனபோது அத்தான் கட்டிலில் இல்லை. சுவரோரமாக நின்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், இஞ்சை பார். உளி போன திசை தெரியுது. இவன் இடக்கைக்காரன்."

"ஆர்?"

"இதை வெட்டினவன்."

அன்று முழுக்க அவர் கதைத்தார். பத்து வருடமாக எனக்கு அவரிடம் இருந்து கிடைத்தது 'ஓம்', 'இல்லை', 'என்ரை கை சரியில்லை' என்பவைதான். இப்போது அந்த மனுசன் வெயிலில் நின்று, இந்தக் கல் வெட்டும்போது பாண் மாதிரி மெத்தென்று இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும், அதுதான் சூட்சுமம் என்று எனக்கு விளங்கப்படுத்துகிறார். வழிகாட்டிப் பெண் இங்கிலிசில் சொல்ல முன்னமே அவர் தமிழில் சொல்லிவிடுகிறார். எனக்குச் சந்தோசமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தோளில் அந்தத் துணிப்பை. அதற்குள் தலையணை உறை. ஹோட்டலில் வைத்துவிட்டு வா என்று அவர் சொல்லியும் அவள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் கைமக்லிக்குப் போனோம். அங்கேதான் நிலத்துக்குக் கீழே ஊர்.

வாசல் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேட்டின் அடியில் ஒரு துவாரம், சுற்றுலாக்காரர் வரிசை, ஐஸ்கிரீம் தின்னும் பிள்ளைகள். சிவப்பு அம்பு உள்ளே போக, நீல அம்பு வெளியே வர. அக்கா முதல் படியில் நின்றாள், அத்தான் அவளுக்குப் பின்னால் நின்றார். இரண்டு பேரும் அசையவில்லை. பின்னால் வந்த ஒரு கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. 'வேண்டாம், திரும்பிப் போவம்' என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அக்கா கையைப் பின்னால் நீட்டி அத்தானின் கையைப் பிடித்தாள். எங்கள் சனம் நாலு பேருக்கு முன்னால் கை பிடிக்கிறதில்லை. அவர்கள் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

குனிந்து குனிந்து போகவேண்டும். என் உயரத்துக்கு முதுகு பிளந்துவிட்டது. ஆடு மாடு கட்டிய இடம், தானியம் வைத்த கிடங்கு, புகை ஏறிக் கூரை கறுத்த குசினி. ஒரு திருப்பத்தில் அந்த வட்டக் கல், ஆள் உயரம், நடுவில் ஒரு துளை. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தாள். மூச்சு வாங்குவது கேட்டது. அத்தான் ஒரு காற்றுக் குழாய்க்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். எங்கேயோ மேலே ஒரு பொட்டு வெளிச்சம்.

இன்னும் கீழே ஒரு சின்ன அறை. குடும்பம் ஒன்று இருந்திருக்கும் என்றாள் வழிகாட்டி. சுவரில் படுக்கிற மேடை இரண்டு வெட்டியிருந்தது, ஒன்று பெரிது, ஒன்று குட்டி. அவள் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். நாங்கள் மூன்று பேரும் நின்றோம்.

அக்கா அந்தக் குட்டி மேடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துணிப்பையின் சிப்பை இழுத்தாள். வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும்."

அத்தான் உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி நின்றார், திரும்பவில்லை.

"பொறு, தாட்சா. முதல் நான் சொல்லுறன்."

அவர் அவள் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"இவ்வளவு காலமும் என்ரை கையிலைதான் பிழை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன். இது கல்லு. வெட்டின இடத்திலை வெட்டினபடி நிக்குது. ஆர் வெட்டினாலும் நிக்கும். அது கடல் மண். ஆர் வெட்டினாலும் நிக்காது. இந்த இடக்கைக்காரனைக் கொண்டுபோய் அங்கை விட்டாலும் அவனாலையும் ஏலாது." கண்ணீர் இறங்கியது. அவர் துடைக்கவில்லை. "நான் செய்யக்கூடியதெல்லாம் செய்தன். நீயும் செய்தனி. உன்ரை கூறையைக்கூட வெட்டித் தந்தனி. எந்தப் பொம்பிளை செய்வாள், தாட்சா? புருசன் உயிரோடை இருக்கேக்கை கூறையை வெட்டுறது எண்டால்? அதுக்கு மேலை நாங்கள் என்ன செய்யிறது? எங்களிலை பிழையில்லையப்பா. எங்கள் ரெண்டு பேரிலையும் பிழையில்லை."

அவர் சுவரோடு நெற்றியை வைத்து அழுதார். நான் அவர் அழுது பார்த்ததில்லை. பிள்ளை செத்த அன்றும் அவர் அழவில்லையென்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அக்காவின் கை பைக்குள் இருந்தது. தலையணை உறையின் வெள்ளை நுனி வெளியே தெரிந்தது. அவள் அவருடைய முதுகைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலைகூட ஆட்டவில்லை. அவள் அந்த நுனியை விரலால் உள்ளே தள்ளிவிட்டு, சத்தம் கேட்காமல் சிப்பை இழுத்து மூடினாள்.

கொஞ்சம் பொறுத்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "என்னவோ சொல்லவேணும் எண்டனி?"

"தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேக்க வந்தனான்" என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் அத்தான் எங்கள் மூன்று பேருக்கும் ஐஸ்கிரீம் வாங்கப் போனார். ஐஸ்கிரீம்காரன் கோனைத் தருகிற மாதிரித் தந்து பறித்து விளையாட, அந்த மனுசன் சிரித்தார், சத்தமாகச் சிரித்தார். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. யாரில் என்று இப்போதும் தெரியாது.

"இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனி? இப்ப சொல்லு. இல்லாட்டி நான் சொல்லுறன்."

"சொல்லிப்போடாதை, தம்பி."

"ஏன்?"

"அவரின்ரை தலையிலை இருந்ததை என்ரை தலைக்கு மாத்தலாம் எண்டுதான் வந்தனான். அவர் தானே இறக்கி வைச்சிட்டார். பேந்தும் கூப்பிட்டு என்னத்தைக் காட்டுறது?"

"உன்ரை தலையிலை இருக்கிறது?"

அவள் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவர் சிரிக்கிறார் பார்" என்றாள்.

நாங்கள் திரும்பி வந்து இரண்டு கிழமையில், ஒரு சனிக்கிழமை காலை, அத்தான் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் புதிய வாளி, சாந்து பூசும் கரண்டி, மட்டம் பார்க்கும் கோல், விலைச்சீட்டுக்கூட இன்னும் கழற்றவில்லை. "மச்சான், உன்ரை பேஸ்மெண்ட் சுவர் வெறும் கொங்கிறீட்டாக் கிடக்கு. பூசித் தாறன்" என்றார். அந்த வீட்டை வாங்கி இத்தனை வருடத்தில் அவர் அந்தப் படியில் இறங்கியது அன்றுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். கட்டட வேலைக்கும் வரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம், வசந்தம் வந்தால் கரட் பெட்டியை விடப்போகிறாராம். ஜெயனிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்தக் கப்படோக்கியாவில் அப்படி என்னதான் இருக்கிறது, நாங்களும் போவோமா என்றாள்.

அக்கா இப்போதும் கோட்-வெர்த்துவில் இறங்கி அடுத்த பஸ்ஸுக்குத்தான் நிற்கிறாள்.

போன சனிக்கிழமை அவளும் வந்தாள். அத்தான் கீழே வேலையில் இருந்தார். ஜெயனி கடைக்குப் போயிருந்தாள். அக்கா குசினி மேசையில் அந்தப் பொதியை வைத்தாள்.

"இதைப் பழைய இடத்திலை வைச்சு விடு."

"என்னத்துக்கு அக்கா இன்னும்? எறிஞ்சுபோடு. உன்னாலை ஏலாட்டி நான் எறியிறன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் சின்னப் பொடியனாகிவிட்டேன். "கூறையை எறியிறதோ?"

பிறகு, பால் வாங்கி வா என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்:

"தம்பி, நான் அவருக்கு முந்திப் போனால், உடுத்திவிடக் கூறை எங்கை எண்டு பொம்பிளையள் தேடுவினம். ஊரிலை வெட்டியாச்சு, இல்லையெண்டு நீ சொல்லு. இதை எனக்கு உடுத்தப்படாது. அவர் பாத்திடுவார்."

"அத்தான் முந்திப் போனால்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"அப்ப எனக்கேன் கூறை?" என்றாள்.

நான் பொதியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பேஸ்மெண்ட் முழுக்க ஈரச் சீமெந்து வாசம். மூன்று சுவர் முடிந்துவிட்டது, தடவிப் பார்த்தால் கண்ணாடி. நாலாவதில் அத்தான் நின்றுகொண்டிருந்தார். ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கரண்டியால் சாந்தை எறிந்து இழுத்தார். என் காலடி கேட்டுத் திரும்பினார்.

"என்ன மச்சான் உது?"

"கிறிஸ்மஸ் மரத்துச் சாமான், அத்தான்."

"கவனம், இந்தப் பக்கம் இன்னும் காயேல்லை. ஈரம் பட்டால் பழுதாப்போகும். உள்ளுக்குத் தள்ளி வை" என்றார் அவர். பிறகு சாந்து வாளியைக் காலால் ஒரு பக்கம் நகர்த்தி, நான் போவதற்கு வழி விட்டார்.